மலைக்கு அழைத்துச் செல்வோரின் சரீரப் பாதுகாப்பு

மனமுடைந்த இளைஞரை மலைக்கும் காட்டிற்கும் அழைத்துச் சென்று, நடையாலும் கூட்டுழைப்பாலும் உரையாடலாலும் தேற்றும் முறை மேனாடுகளில் வனவழி உளச்சிகிச்சை என வழங்குகிறது. 1941இல் கூர்ட் ஹான் என்பார் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் நிறுவிய 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளி அதன் முன்னோடிகளுள் ஒன்று. அப்பெயரை அறியாமலேயே நம் வட்டாரச் சபைகள் அதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்து வருகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் குடிக்கு அடிமையான, அல்லது படிப்பை இடையில் விட்டுத் தோல் தொழிலுக்குச் சென்ற வாலிபரை ஏலகிரிக்கோ சவ்வாது மலைக்கோ அழைத்துச் சென்று முகாம் நடத்துகிறோம். முகாமின் பயன் குறித்து அறிக்கைகள் எழுதுகிறோம். அவர்களை நடத்திச் செல்லும் ஊழியரின் உடலுக்கு நேரும் இடர்களைப் பற்றியோ நாம் பேசுவது அரிது.

இவ்வூழியர் தமக்கென உள்ளதை முதலில் பிறருக்குக் கொடுத்துவிடுபவர். இடரின் வேர் இதுவே. மே மாதத்தில் வேலூர்ச் சமவெளி 40 பாகையைத் தாண்டும். ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமாதலால் மேலே குளுமை உண்டு. ஆனால் சுவாமிமலை உச்சிக்குச் செல்லும் ஏற்றத்தில் உடல் நீரை இழப்பது நிற்பதில்லை. தம் குப்பித் தண்ணீரைப் பின்தங்கினவனுக்குக் கொடுத்துவிட்டு நடப்பவரே முதலில் தளருவார். தளர்ந்தவர் பேச்சில் குழறினால் அது வெறும் களைப்பன்று. உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பாம்புக்கடி அடுத்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்பது 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. முகாம் ஊழியர் குறிப்பாக அஞ்ச வேண்டியது கட்டுவிரியனை. அது இரவில், தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. விடியலில் வயிற்றுவலி, இமைகள் தொங்குதல், பின்பு மூச்சுத்திணறல் என முற்றும். பையன்களைக் கட்டிலில் படுக்கவைத்து, வாசற்படியருகே பாய் விரித்துக் காவல் படுப்பவர் யார்? நம் ஊழியரே. கயிற்றால் இறுக்குவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதொன்றே வழி. இரவில் வண்டியும் ஓட்டுநரும் இல்லாத முகாமில் அவ்வழி அடைபட்டிருக்கும்.

காட்டுத்தீயை நாம் எண்ணுவதே இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்திற்குச் சென்றிருந்தோர் தீயில் சிக்கினர். 23 பேர் மாண்டனர். குழுவை நடத்திச் சென்றோரும் அவர்களுள் அடங்குவர். காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கி மனிதன் ஓடுவதினும் விரைவாக ஏறும். பிப்ரவரி முதல் கோடை மழை வரையில் வனத்துறையின் அனுமதியின்றிப் புல்வெளி ஏறுதல் தகாது.

அழைத்துச் செல்லப்படுவோராலும் ஆபத்து வரலாம். நாள்தோறும் குடித்தவன் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக்கூடும். மூன்றாம் நான்காம் நாளில் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு அஞ்சித் தாக்கவும் கூடும். அவ்வேளையில் அவனைப் பாறை விளிம்பில் தனியொருவர் பிடித்து நிறுத்த முயல்வது இருவருக்கும் கேடு. மருத்துவர் கண்காணிப்பில் அந்நாட்களைக் கடந்தவனையே மலைக்கு ஏற்ற வேண்டும். ஜெபத்தினால் இதைத் தாண்டிவிடலாம் எனச் சொல்லும் ஆயர்கள் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிய எலியாவுக்குத் தூதன் முதலில் தந்தது அப்பமும் தண்ணீரும் அன்றோ.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். முகமூடியும் கயிறுமின்றித் தொழிலாளரைக் கழிவுக்குழியில் இறக்கும் முதலாளிகளை நாம் பிரசங்க பீடத்திலிருந்து கண்டிக்கிறோம், கண்டிக்கவும் வேண்டும். ஆயினும் நம் வாலிபர் ஊழியரை மலைக்கு அனுப்புகையில் கையில் கொடுப்பதென்ன? பாட்டுப் புத்தகமும் பயணப்படியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் உடனிருந்த ஒரு முகாமில் இறையியல் மாணவர் ஒருவர், வழுக்கிய பையனைப் பிடிக்கப் பாய்ந்து ஈரப்பாறையில் விழுந்து கணுக்கால் முறிந்தார். காப்பீடு எடுத்திருக்கவில்லை. அனுப்பிய சபை வாழ்த்துக் கடிதம் அனுப்பியது. மருத்துவச் செலவை உடன் மாணவர்கள் தண்டிக் கொடுத்தனர். நாமும் அன்று பொறுப்பிலிருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அதன்பின் நாம் செல்லும் முகாம்களில், செல்வோர் அனைவர்க்கும் விபத்துக் காப்பீடு, குழுவுக்குக் குறைந்தது இரண்டு ஊழியர், இரவும் பகலும் நிற்கும் ஒரு வண்டி ஆகிய மூன்றும் இன்றி மலையேறுவதில்லை.

அம்மாணவர் இப்போது ஆயர். மழைக்காலத்தில் கணுக்கால் நோவெடுக்கும் என்பார். ஆண்டுதோறும் முகாமிற்கு வருகிறார். வந்திறங்கியதும் வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டே பையைக் கீழே வைப்பார்.