கடலும் காலநிலையும்: மக்களின் ஐயமும் அரசின் விடையும்

உலகம் வெப்பமடைகிறது, கடல் மட்டம் உயர்கிறது என்று நாம் பாடநூலில் படிக்கிறோம். இதை இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வயது முதிர்ந்த மீனவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "கடல் இப்பத்தான் வருதாம்மா? எங்க தாத்தா காலத்திலேயே வந்துடுச்சு. துறைமுகம் கட்டினாங்க, மண்ணு போச்சு" என்பார்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. மீனவர் இதனைத் 'தெண்டி' என்பர். இது மணலையும் சுமந்து செல்லும். 1876-இல் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் அம்மணலை வழிமறித்தன. தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வரவு குறைந்து, அலைகள் கரையைத் தின்னத் தொடங்கின. மெரினாவில் நாம் சுண்டல் தின்றுகொண்டு உட்காரும் மணலில் ஒரு பங்கு இராயபுரத்துக்கு வந்திருக்க வேண்டியது!

அறிவியலார் கூறுவதும் பொய்யன்று. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிஞர் குழு 2021-இல் அறிவித்தது. மணல் இழந்த கரையை ஏறுகின்ற கடல் இன்னும் எளிதாக அரிக்கும். ஆகவே மீனவர் சொல்வதும் மெய், பாடநூல் சொல்வதும் மெய்.

மக்களின் ஐயத்துக்கு அரசு என்ன விடை தருகிறது? திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகள் காட்டவும், பள்ளிகளில் அதைக் கட்டாயப் பாடமாக்கவும் 1991-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நடுவண் அரசு 2008-இல் தேசியச் செயல்திட்டத்தையும், தமிழ்நாடு அரசு 2022-இல் காலநிலை மாற்ற இயக்கத்தையும் தொடங்கின. நம் பகுதியில் எல்லோரும் கண்ணால் காணும் விடை கருங்கல்தான். இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரம் பாறைகள் குவிக்கப்பட்டன, தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. கல் வீட்டைக் காக்கும். ஆனால் "ஏன்?" என்று கேட்டவருக்கு அது பதில் சொல்லாதே!

ஐயம் வளர வேறொரு காரணமும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு ஏதும் இல்லை என்றே காமராசர் துறைமுகம் முதலில் அறிவித்தது. சில நாட்களில் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் கூழாக ஒதுங்கிய எண்ணெயை மீனவரும் மாணவரும் வாளி வாளியாக அள்ளினர். அதைக் கண்டவர்கள் பிறகு வரும் அறிக்கையை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? அது காலநிலையைப் பற்றிய அறிக்கையாக இருந்தாலும் கூடச் சற்றுத் தள்ளி நின்றுதான் கேட்பார்கள். அவர்கள் கடலை ஐயுறவில்லை, அறிக்கையைத்தான் ஐயுறுகிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் நடந்தது இங்கே நினைவுக்கு வருகிறது. காலநிலை பற்றிய அல் கோர் அவர்களின் படத்தை அந்நாட்டு அரசு பள்ளிகளுக்கு அனுப்பியது. ஒருவர் வழக்குத் தொடுத்தார். படத்தின் மையக் கருத்து சரியே என்றும், அதில் ஒன்பது இடங்கள் பொதுவான அறிவியல் கருத்தோடு பொருந்தவில்லை என்றும் 2007-இல் நீதிபதி கூறினார். அரசு அவற்றை ஆசிரியர் குறிப்பேட்டில் தெளிவுபடுத்தியது. படம் தொடர்ந்து காட்டப்பட்டது. குறையை ஒப்புக்கொண்டதால் மையக் கருத்து விழுந்துவிடவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலும், எந்தத் திட்டத்தையும் முன்கூட்டியே வெளிப்படையாக ஆராய வேண்டும், அந்த ஆய்வில் உள்ளூர் மக்களுக்குத் தனியிடம் வேண்டும் என்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் கடல் மட்டத்தை அளக்கும் கருவி உண்டு. அதன் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் ஒரு பலகையில் எழுதிக் காசிமேட்டு ஏலக்கூடத்தில் வைக்கலாம். துறைமுகச் சுவர் எவ்வளவு மணலைத் தடுக்கிறது என்பதையும் அதே பலகையில் எழுதட்டும். வலை இறக்கிவிட்டு வரும் தாத்தாக்கள் அதைப் படித்துத் தங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்லியும் விடுவார்கள்!