கண்ணாடி மெதுவாக ஏறினால் முதலில் மோட்டாரை மாற்றாதீர்கள்

பழைய காரின் பவர் விண்டோ முனகிக்கொண்டே ஏறினால் ஒர்க்‌ஷாப்பில் வரும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடலாம்." சில கார்களில் அது உண்மைதான். ஆனால் மோட்டார் போனால் கண்ணாடி பொதுவாக நின்றே போகும். மெதுவாக ஏறுகிறது, பாதியில் திணறுகிறது, வெயிலில் நின்றால் அடம்பிடிக்கிறது என்றால் மோட்டாருக்கு வெளியே ஏதோ அதைப் பிடித்து இழுக்கிறது, அல்லது அதற்குப் போதிய கரன்ட் போகவில்லை என்று பொருள். இந்த இரண்டையும் பார்க்காமல் புது மோட்டார் போட்டால், அதுவும் அதே சுமையை இழுத்துச் சீக்கிரமே சோர்ந்துவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இது பரவலான தொல்லை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. அதே ஆண்டு, ஆவடிக்கு அப்பால் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. நடுத்தர வீடுகளில் பவர் விண்டோ பரவிய காலம் அது. அந்தத் தலைமுறைக் கார்களும் அவற்றுக்கு அடுத்து வந்தவையும் இன்னும் இங்கே ஓடுகின்றன. 15 ஆண்டு முடிந்து, ஆர்.சி.யை 5 ஆண்டுக்குப் புதுப்பித்து, அக்கறையோடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இங்குள்ள சாலைகளும் கண்ணாடிக்குச் சாதகமாக இல்லை. சி.டி.எச். சாலையிலும் ஆவடி–பூந்தமல்லி சாலையிலும் லாரி கிளப்பும் புழுதி, பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிய ஆண்டுகளில் பறந்த சிமென்ட் தூசி எல்லாம் கதவின் ரப்பரில் போய்த்தான் படியும். பல கார்களில் டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் முதலில் தளர்வதற்கும் காரணம் உண்டு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகும் வரை வானகரம், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் காசு நீட்ட ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணாடியைத்தான் இறக்கி ஏற்றினோம். பின்கதவுக் கண்ணாடி ஒரு மாதத்தில் செய்யும் வேலையை அது ஒரு வாரத்தில் செய்திருக்கும்.

கருவி எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. இரவில் இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, உள்விளக்கைப் போடுங்கள். விண்டோ ஸ்விட்சை அழுத்தியபடி விளக்கைப் பாருங்கள். விளக்கு சட்டென்று மங்கி, கண்ணாடி அசையவில்லை என்றால் மோட்டாருக்குக் கரன்ட் போகிறது, ஆனால் அது சிக்கிக்கொண்டு திணறுகிறது. விளக்கில் மாற்றமே இல்லை, சத்தமும் இல்லை என்றால் கரன்ட் மோட்டார் வரை போகவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே இணைப்பு அறுந்திருக்கிறது. மோட்டார் 'விர்ர்' என்று சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் மோட்டார் நலமாக இருக்கிறது, உள்ளே ஒயரோ பிளாஸ்டிக் பிடியோ உடைந்திருக்கிறது.

அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து அதே கண்ணாடியை ஏற்றிப் பாருங்கள். பேட்டரி மட்டும் தரும்போது சுமார் 12.5 வோல்ட் கிடைக்கும், ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14 வோல்ட் வரை வரும். எனவே எந்தக் காரிலும் கொஞ்சம் வேகம் கூடும். இன்ஜின் ஓடும்போது நன்றாக ஏறி, அணைத்ததும் படுத்துவிட்டால் பேட்டரியிலும் ஒயரிங்கிலும் சந்தேகம் வையுங்கள். டிரைவர் பக்கத்தில் உள்ள 'விண்டோ லாக்' பட்டனையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கை பட்டு அது அழுந்தியிருந்தால் மற்ற மூன்று கதவுகளின் ஸ்விட்சும் வேலை செய்யாது.

வேறு ஒரு அறிகுறியும் உண்டு. நாலைந்து முறை தொடர்ந்து ஏற்றி இறக்கியதும் கண்ணாடி நின்றுவிடும், சில நிமிடம் கழித்துத் தானாக உயிர்பெறும். பல மோட்டார்களில் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு உறுப்பு இருக்கிறது. அது அடிக்கடி வேலை செய்தால் மோட்டார் சக்திக்கு மீறி இழுக்கிறது என்று அர்த்தம்.

எதை இழுக்கிறது? பெரும்பாலும் ரப்பரை. கண்ணாடியின் இரு ஓரங்களும் கதவுச் சட்டத்துக்குள் ஒரு ரப்பர் சேனலில் ஓடுகின்றன. புதிதாக இருக்கும்போது அதன் உட்புறம் மெல்லிய துணிப்பரப்பு போல வழுவழுப்பாக இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு வெயிலில் ரப்பர் இறுகிச் சுருங்கும், அந்தத் துணிப்பரப்பு தேய்ந்துபோகும், இடைவெளியில் புழுதி உட்கார்ந்து மாவாகும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஒரு டார்ச் அடித்து அந்தச் சேனலைப் பாருங்கள். சாம்பல் நிறப் படிவம் தெரியும். ஈரத்துணியைச் சப்பையான ஸ்க்ரூடிரைவரில் சுற்றி மேலிருந்து கீழ்வரை இழுத்தால் துணி கறுத்துப்போய் வெளியே வரும். துணி சுத்தமாக வரும்வரை இதைச் செய்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு சிலிகான் ஸ்ப்ரேயை அதன் மெல்லிய குழாய் வழியே சேனலுக்குள் அடியுங்கள். கண்ணாடியை மூன்று நான்கு முறை ஏற்றி இறக்கினால் அது எல்லா இடத்திலும் பரவும். பல கார்களில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது, இன்ஜின் ஆயில் விடுவது, கிரீஸ் பூசுவது என்று பலர் செய்கிறார்கள். அன்று கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் எண்ணெய்ப் பசை சாலைப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில வாரத்தில் பழைய நிலையைவிட மோசமாகும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் ஆபத்தும் இருக்கிறது. துரு போக்கும் ஸ்ப்ரேயும் இந்த வேலைக்கு ஆகாது. ரப்பரில் சிலிகானைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிமையும் கவனியுங்கள். அதன் ஓரம் கிளம்பிச் சுருண்டிருந்தால் கண்ணாடி ஏறும்போது ரப்பரில் சிக்கும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்தபோது உரித்த கார்களில் பசை ஓரத்தில் தங்கியிருந்தால், அதையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

ரப்பர் சரியாகியும் வேகம் வரவில்லையா? இனி கரன்ட் போகும் வழியைப் பார்க்க வேண்டும். பல பழைய கார்களில் ரிலேயைத் தாண்டி மோட்டாரின் முழு கரன்டும் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. அந்தக் கார்களில் இடதுபக்கக் கண்ணாடிக்கான சுற்று டிரைவர் பக்க மாஸ்டர் ஸ்விட்சையும் தொட்டுத்தான் முடியும். இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் தன் ஸ்விட்சை அழுத்தினாலும் எர்த் திரும்பிவருவது மாஸ்டர் ஸ்விட்சுக்குள் இருக்கும் ஒரு கான்டாக்ட் வழியாக. அதனால் இடதுபக்கக் கண்ணாடி இறங்குகிறது, ஏறவில்லை என்றால் கோளாறு வலதுபக்க ஸ்விட்சில் இருக்கலாம். இது தெரியாமல் இடதுபக்க மோட்டாரை மாற்றியவர்கள் உண்டு.

மாஸ்டர் ஸ்விட்சைக் கழற்றி, பக்கவாட்டு லாக்குகளை மெதுவாக நெம்பித் திறந்தால் உள்ளே சின்னச் சின்னச் செப்புத் தகடுகள் இருக்கும். நன்றாக இருப்பவை பளபளக்கும், கெட்டவை கறுத்து நடுவில் குழி விழுந்திருக்கும். கறுப்பை மட்டும் மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும். சிறிய ஸ்ப்ரிங்குகளும் குண்டுகளும் தெறித்து ஓடும். அதனால் ஒரு வெள்ளைத்துணி விரித்து அதன்மேல் வைத்துத் திறங்கள், திறக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழி ஆழமாக இருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, ஸ்விட்சை மாற்றுங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் மோட்டார் கப்ளரில் வோல்டேஜ் பார்க்கலாம். ஆனால் கப்ளரைக் கழற்றிவிட்டுப் பார்க்காதீர்கள். சுமை இல்லாதபோது கெட்ட ஒயர்கூட 12 வோல்ட் காட்டும். கப்ளர் மாட்டியிருக்க, பின்பக்கத்தில் முனையைச் செருகி, ஸ்விட்சை அழுத்தும்போது பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட் குறைந்தால் பொறுக்கலாம். 9, 10 என்று விழுந்தால் வழியில் எங்கோ வோல்டேஜ் வீணாகிறது. கதவுக்கும் பாடிக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயைத் தடவிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை கதவு திறந்து மூடியதில் அதற்குள் ஒயர் உறை வெடித்து, இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். கதவைப் பாதி திறந்தால் கண்ணாடி வேலை செய்கிறது, மூடினால் நிற்கிறது என்றால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது.

டோர் பேடைக் கழற்ற வேண்டிய கட்டம் வந்தால் பொறுமை வேண்டும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை எல்லாம் எடுத்த பிறகே பேடை இழுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்டென்று உடையும் என்பதால் சில புதுக் கிளிப்புகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். அதைக் கிழிக்காமல் பசையைச் சூடாக்கி மெல்ல உரியுங்கள். வேலை முடிந்ததும் ஒட்டாமல் விட்டுவிடுவது இங்கே நிறைய ஒர்க்‌ஷாப்பில் வழக்கமாகிவிட்டது, அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். கண்ணாடியின் வெளிப்பக்கம் வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அந்த நீர் பேடுக்கும் ஸ்விட்சுக்கும் ஸ்பீக்கருக்கும் வராமல் கீழே வழிந்தோடச் செய்வது அந்த ஷீட்தான்.

உள்ளே இருப்பது இரண்டு வகை. ஒன்று கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் கைகள் கொண்ட மெஷின். மற்றது சைக்கிள் பிரேக் ஒயர் போல ஒரு கம்பி, உருளைகளைச் சுற்றிக் கண்ணாடியை இழுக்கும் மெஷின். ஒயர் வகையில் இழை பிரிவதும் பிளாஸ்டிக் பிடி உடைவதும்தான் அதிகம். அப்படி உடைந்தால் ஒயரைக் கட்டி ஒட்டவைக்கும் வேலை நிற்காது, மெஷினையே மாற்றுவது நல்லது. கத்தரி வகையில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் போட்டாலே பாதிக் கார்களில் மூச்சு வந்துவிடும். கிரீஸ் இரும்புக்கு, சிலிகான் ரப்பருக்கு. இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

கத்தரி வகையில் கண்ணாடியின் எடையைத் தாங்க ஒரு சுருள் ஸ்ப்ரிங் முறுக்கேறி நிற்கும். மோட்டாரை அவிழ்த்த மறுகணம் அந்தப் பல்சக்கரக் கை விரலை நசுக்கும் வேகத்தில் சுழலும். அதைப் போல்ட் போட்டு அசையாமல் நிறுத்திய பிறகே மோட்டாரில் கைவைக்க வேண்டும். செய்து பழக்கமில்லாதவர்கள் இந்த வகையை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். எந்த வகையானாலும் முதலில் கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு அகலமான டேப்பால் ஒட்டிவிடுங்கள், பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள்.

மோட்டாரைத் தனியாக வெளியே எடுத்தபின் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரில் பேட்டரியோடு நேராக இணைத்துப் பாருங்கள். விறுவிறுவென்று சுற்றி, இணைப்பை மாற்றினால் எதிர்ப்பக்கமும் அதே வேகத்தில் சுற்றினால் அதை மீண்டும் பொருத்துங்கள். தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அம்பத்தூரை அடுத்த பாடியில் 1961-இல் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கிய காலம் முதல் ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார்களைக் கையாண்டு பழகிய கைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. பிரஷ் மாற்றித் தருவார்களா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் எடுப்பதானால் பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். இடது, வலது வேறு. கப்ளரின் பின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். கடையிலேயே பேட்டரி வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் கொரட்டூரிலும் தண்ணீரில் நின்ற கார்களுக்கு ஒரு வேலை கூடுதல். கதவின் அடிவிளிம்பில் நீர் வழியச் சின்னத் துளைகள் இருக்கும். வெள்ளச் சேறு அதை அடைத்துவிட்டால், ஒவ்வொரு மழையிலும் மோட்டார் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். கதவை ஆட்டும்போது உள்ளே சலசலப்பு கேட்டால் அதுதான். ஒரு மெல்லிய கம்பியால் துளைகளைக் குத்திவிட்டு, தண்ணீர் ஊற்றி வழிகிறதா என்று பாருங்கள். ஐப்பசி பிறக்கும் முன் எல்லாப் பழைய கார்களுக்கும் இதைச் செய்யலாம்.

பேடை மாட்டும் முன் கண்ணாடியைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள், சாய்ந்து ஏறினால் கண்ணாடிப் பிடியின் போல்ட்டைத் தளர்த்தி நேராக்கி இறுக்குங்கள். அதன்பின் வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். இத்தனை நாள் திணறிய கண்ணாடி இனி முழு வலுவோடு ஏறும். கை சிக்கினால் தானாக இறங்கும் வசதி பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. பின் சீட்டில் குழந்தை இருக்கும்போது விண்டோ லாக்கை அழுத்திவிடுங்கள், இறங்கும்போது சாவியைக் காரில் விடாதீர்கள்.