‘சும்மா ஜாலிக்குத்தானே!’ – ராகிங் எங்கே தொடங்குகிறது, எப்படித் தடுப்பது?

விடுதி அறையில் பெட்டியை வைத்த அன்றே, முதலாண்டு மாணவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படுகிறார். அட்மின்கள் எல்லாம் சீனியர்கள். ‘எல்லாரும் இன்ட்ரோ வாய்ஸ் நோட் போடுங்க’ என்று ஆரம்பிக்கிறது. ஓரிரு நாளில், ‘ராத்திரி 11 மணிக்கு மூணாவது மாடிக்கு வந்துடுங்க’ என்று மாறுகிறது. வராதவர் குறித்து, ‘அவன்கூட யாரும் பேசக் கூடாது’ என்று உத்தரவு வருகிறது.

அடி, உதை எதுவும் இல்லை. ஆனாலும் இது ராகிங்தான். ஜூனியர்களை மிரட்டவும் அவமானப்படுத்தவும் சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களும் ராகிங்காகவே கருதப்படும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-ல் கல்வி நிறுவனங்களை எச்சரித்தது.

எவையெல்லாம் ராகிங்?

யுஜிசியின் 2009-ம் ஆண்டு விதிமுறைகள் இதை விரிவாகவே வரையறுக்கின்றன. கிண்டல், முரட்டுத்தனமான நடத்தை மட்டுமல்ல. ஒரு மாணவர் இயல்பாகச் செய்யாத ஒன்றைச் செய்யவைத்து, அவருக்கு வெட்கமோ மன உளைச்சலோ ஏற்படுத்துவதும் ராகிங். சீனியரின் ரெக்கார்டு நோட்டை ஜூனியரை எழுதவைப்பது, ‘ட்ரீட்’ என்ற பெயரில் கட்டாயப்படுத்திச் செலவு செய்யவைப்பது ஆகியவையும் இதில் வரும். சாதி, மதம், நிறம், மொழி, பாலினம், ஊர், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றை வைத்துச் சீண்டுவதும் 2016-ல் சேர்க்கப்பட்டது.

‘சும்மா ஜாலிக்குத்தானே பண்ணோம்’ என்பது இங்கே எடுபடாது. செய்தவருக்கு ஜாலியாக இருந்ததா என்பதல்ல, செய்யப்பட்டவருக்கு என்ன ஆனது என்பதே கணக்கு.

சட்டம் எப்படி வந்தது?

1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். அந்த அதிர்ச்சியில்தான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997 பிறந்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 2 ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கல்லூரியிலிருந்து நீக்கப்படுபவர் வேறு கல்லூரியிலும் சேர முடியாது. புகார் வந்தும் கல்லூரித் தலைமை நடவடிக்கை எடுக்காவிட்டால், அதுவே குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படும். நாவரசு வழக்கில் உயர் நீதிமன்றம் விடுவித்த குற்றவாளிக்கு, உச்ச நீதிமன்றம் 2011-ல் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

2009-ல் இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் உயிரிழந்தார். அதன் பிறகே நாடு முழுவதுக்குமான யுஜிசி விதிமுறைகள் வந்தன.

பிறகும் ஏன் தொடர்கிறது?

2023 ஆகஸ்டில், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதி மாடியிலிருந்து விழுந்து ஒரு முதலாண்டு மாணவர் இறந்தார். கைதானவர்களில், படிப்பு முடிந்தும் விடுதியிலேயே தங்கியிருந்த முன்னாள் மாணவரும் உண்டு.

சட்டம் விழித்துக்கொள்ள ஒரு புகார் வேண்டும். புகார் கொடுக்க வேண்டியவரோ, நோட்ஸ், லேப், கல்ச்சுரல் டீம், நாளைய வேலைக்கான பரிந்துரை என எல்லாவற்றுக்கும் அதே சீனியர்களை நம்பி இருக்கிறார். ‘நாங்களும் பட்டோம்ல, நீங்களும் படுங்க’ என்ற மரபு வேறு. அடுத்த ஆண்டு அவரே சீனியர்.

அதனால், புகார் வரும்வரை காத்திருக்காமல் முதல் சில வாரங்களைச் சரியாக அமைப்பதுதான் உண்மையான தடுப்பு.

என்ன செய்யலாம்?

* கல்லூரி: முடிந்தவரை முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதிப் பகுதி, ராகிங் தடுப்புப் படையின் திடீர் சோதனை, 6 புதிய மாணவர்களுக்கு ஒரு சீனியர் வழிகாட்டி. இவை மூன்றும் யுஜிசி விதிகளிலேயே இருக்கின்றன. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதாது. இரவு 11 மணிக்கு மாடிப்படி ஏறிப் பார்க்க ஆள் வேண்டும்.

* மாணவர் குழுக்கள்: அறிமுக நிகழ்ச்சியைப் பகலில், திறந்த இடத்தில், ஆசிரியர் முன்னிலையில் வையுங்கள். ‘வேண்டாம்’ என்பவர் எழுந்து போகலாம், அதனால் டீமில் இடம் போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாஸ் அவுட் ஆனவர்களுக்கு விடுதிக்குள் வேலை இல்லை.

* சீனியர்: ‘நான் வெறும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்’ என்று தப்ப முடியாது. ராகிங்குக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ துணைபோக மாட்டேன் என்று சேரும்போதே உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். கூட்டத்தில் ஒருவர் ‘போதும் மச்சி, விடு’ என்றால் பல நேரம் அங்கேயே நின்றுவிடும்.

* ஜூனியர்: குழுவிலிருந்து வெளியேறும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அறைத்தோழரோ பெற்றோரோ அழைக்கலாம். தகவல் தந்தவரின் அடையாளம் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது விதி.

தம்பி, தங்கை இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்களா? ‘ராகிங் இருக்கா?’ என்று கேட்டால், ‘அதெல்லாம் இல்லண்ணா’ என்றுதான் பதில் வரும். ‘நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின? சாப்பாடு யாரோட? கைல காசு இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தயங்கும் விஷயம் அந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.