விரித்து மாட்டிய டயர்: அழகா, ஆபத்தா?

ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இளைஞர் சிலர் காரின் ஸ்பிரிங்குகளை மாற்றி, அதைத் தரையை ஒட்டித் தாழ்த்தி ஓட்டுகின்றனர். தாழ்ந்த காரில் அகன்ற சக்கரத்தைப் பூட்டினால் டயர் மட்கார்டில் உரசும். ஆகவே அகன்ற ரிம்மில் குறுகிய டயரை இழுத்து விரித்து மாட்டுகின்றனர். டயரின் பக்கச்சுவர் உட்புறமாகச் சாய்ந்து நிற்பதால் உரசல் குறைகிறது; பார்வைக்கும் எடுப்பாக இருக்கிறது. ஆனால் இது பாதுகாப்பானதா?

டயர் ரிம்மை விட்டுக் கழலாமல் இருப்பது எதனால்? எஃகுக் கம்பி பொதிந்த டயர் ஓரம் ரிம்மின்மேல் இறுக்கமாக அமர்கிறது. அதை வெளிப்புறம் தள்ளி, ரிம்மின் விளிம்போடு அழுத்தி வைப்பது உள்ளே அடைத்த காற்றே! விரித்த டயரிலோ, சாய்ந்த பக்கச்சுவர் அந்த ஓரத்தை எப்போதும் உட்புறமாக இழுத்துக் கொண்டிருக்கிறது. காற்று குறைந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால், பக்கவாட்டு விசையும் சேர்ந்து ஓரம் இடம் பெயரலாம். அப்போது காற்று நொடியில் வெளியேறும். கார் கட்டுக்கடங்காமல் ஓடும். மேலும், ரிம்மின் விளிம்பு வெளியே துருத்தி நிற்பதால் நடைபாதைக் கல்லில் மோதும்போது அடி நேரே ரிம்முக்குத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 205/55 ஆர் 16 என்ற டயரின் அகலம் 205 மி.மீ. அதற்கு ஏற்ற ரிம் அகலம் 5.5 முதல் 7.5 அங்குலம் வரை. அதை 9 அங்குல ரிம்மில் மாட்டினால் என்ன ஆகும்? 9 அங்குலம் என்பது ஏறத்தாழ 229 மி.மீ. டயரைவிட ரிம்மே அகலம்!

விரித்த டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் கார் சட்டென்று திரும்பும் என்பர். அது ஓரளவு உண்மையே. ஆனால் காரைச் சாலையோடு இணைப்பவை உள்ளங்கையளவே உள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகள்தாம். அழகுக்காக அவற்றின் பிடிப்பைப் பணயம் வைக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்!