மீன் தொட்டிக்குப் பின்னணி: பவளப்பாறை வேண்டாம், தெர்மோகோல் போதும்!

மீன் தொட்டிக்குப் பின்னால் ஒட்டும் நீல நிற போஸ்டர் பலருக்கும் போரடித்துவிட்டது. அசல் பாறை போல ஒரு பின்னணி இருந்தால் செமயாக இருக்கும். தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உடனே தோன்றும் ஐடியா, கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்கி வந்து ஒட்டுவதுதான். அதை மட்டும் செய்யாதீங்க!

ஏன் கூடாது?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கடினப் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே பட்டியல். செத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்து வைத்திருப்பது குற்றம். 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது ரூ.25,000 அபராதம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்கும் அரண் போனது. அங்குள்ள 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் மூழ்கிவிட்டன. வ.உ.சி. துறைமுகத்துக்கு வடக்கே உள்ள வான் தீவும் கரைந்துகொண்டே வந்ததால், அதைக் காக்க 2015-ல் செயற்கைப் பாறைகளை இறக்கும் பணி தொடங்கியது.

மீனுக்கும் பவளம் நல்லதில்லை. அதிலுள்ள சுண்ணாம்பு கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்கள் தாங்காது.

வீட்டிலேயே செய்வது எப்படி?

1. தெர்மோகோல் ஷீட்டைத் தொட்டியின் பின்பக்க அளவுக்கு வெட்டுங்கள். ஃபில்டருக்கு இடம் விடுங்கள்.

2. துண்டுகளை அடுக்கி சிலிகானால் ஒட்டி, கத்தியால் பாறை போலச் செதுக்குங்கள். ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் தெர்மோகோல் உருகிவிடும், ஜாக்கிரதை.

3. சிமென்டைத் தண்ணீரில் கரைத்து, முதல் பூச்சை மெல்லிசாகவும் அடுத்த இரண்டைக் கெட்டியாகவும் பூசுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. காயும்போது லேசாகத் தண்ணீர் தெளித்தால் வெடிக்காது. நிறம் வேண்டுமென்றால் கடைசிப் பூச்சில் சிமென்ட் நிறப்பொடி கலக்கலாம். பின்பக்கத்தில் மட்டும் சிமென்ட் வேண்டாம்.

4. தெர்மோகோல் மிதக்கும். எனவே, காலியான, உலர்ந்த தொட்டியின் பின் கண்ணாடியில் சிலிகானால் அழுத்தி ஒட்டி, 2 நாள் காயவிடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் மீனுக்கு விஷம்.

உடனே மீன் விடலாமா?

கூடாது. புது சிமென்ட் நீரின் காரத்தன்மையை எகிற வைக்கும். தொட்டியை நிரப்பி, சில வாரங்களுக்குத் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். மீன் கடைகளில் கிடைக்கும் பிஎச் டெஸ்ட் கிட்டில் அளவு, உங்கள் வீட்டுத் தண்ணீரின் அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், மீன்களை விடலாம்.