கட்டுத்தறியும் தாவணியும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. வள்ளுவர் கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்து இச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டுள்ளார். ஆவும் எருதும் செல்வமாக மதிக்கப்பெற்ற வாழ்வின் எச்சமே இவ்வழக்கு. இச்செல்வத்தைப் பேணிய குடும்பங்கள் அதனை எவ்வாறு வளர்த்தன, எங்குக் கொண்டு சென்று காட்டின என்பவற்றைக் கொங்குநாட்டு மரபின் துணைகொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லை நோக்குவோம். மாடுகள் கூடும் பெருஞ்சந்தைக்குத் தாவணி என்பது பெயர். மதுரையில் இன்று பேருந்து நிலையத்திற்கு வழங்கும் மாட்டுத்தாவணி என்னும் பெயர் அவ்விடத்தின் பழைய பயனைக் காட்டும். மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நீண்ட கயிறு தாமணி எனப்படும். அச்சொல்லே தாவணி எனத் திரிந்து, கயிற்றையும், கயிற்றில் நின்ற நிரையையும், நிரை நின்ற சந்தையையும் முறையே குறிக்கலாயிற்று எனக் கொள்வது பொருந்தும். இதனால், தாவணி வெறும் விற்பனைக்களம் அன்று, பலர் வளர்த்தவை ஒரே வரிசையில் நின்று ஒப்புநோக்கப்பெறும் இடம் என்பது விளங்கும்.

இனி வளர்ப்பு முறையைக் காண்போம். காங்கேயம் மாட்டினத்தின் தாயகம் மழை குறைந்த மேட்டுநிலம். அங்குக் குடும்பங்கள் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தை வழிவழியாகக் காத்து வருகின்றன. முட்கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம் ஆகிய மூன்றும் சேர்ந்தது கொறங்காடு. ஒரு பகுதியில் மாடுகளை மேயவிட்டு, மற்றொரு பகுதியில் புல் தழைக்க இடம்விடுவர். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் பெருமந்தை வைத்து இவ்வினத்தைச் செம்மைப்படுத்தியமை கால்நடை நூலார் பலரும் குறிப்பிடும் செய்தியாகும். எனினும், இரண்டு பசுக்களும் ஓர் எருதுச் சோடியும் வைத்திருந்த எளிய உழவரும் இம்மரபில் பங்குடையவரே.

இவ்வினத்துக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு திங்களில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறமாகும். காளை முதிருங்கால் திமிலும் கழுத்தும் தொடையும் கருக்கும். காயடிக்கப்பட்ட எருதோ வெளிர்ந்தே நிற்கும். ஆகவே நிறத்தை அறிதல் என்பது வயதையும் நிலையையும் அறிதலாகும். மயிலை, செவலை, காரி, பிள்ளை என இன்றும் வழங்கும் நிறப்பெயர்கள் இவ்வறிவின் பயனே. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவற் களத்துக் காளைகள் காரி, வெள்ளை, குரால், சேய் என நிறத்தால் பெயர் பெறுகின்றன. அவற்றுள் காரி என்பது இன்றும் உழவர் வாயில் மாறாது வழங்குதல் கருதத்தக்கது.

கட்டுத்தறியில் பெற்ற அறிவு தாவணியிலேயே சோதனைக்கு உள்ளாகும். சித்திரையில் கண்ணபுரத்திலும், ஆடியில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலிலும் திருவிழாவை ஒட்டி இத்தகைய சந்தைகள் கூடும். வாங்க வருவோர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்தது இளங்காளை. எட்டுப் பல்லும் நிரம்பியது முழு வளர்ச்சி எய்தியது. அடுத்துச் சிறிது தொலைவு நடத்திக் குளம்பு வைக்கும் முறையைக் காண்பர். பின்னர்ச் சுழி பார்ப்பர். கோபுரச் சுழி நன்றென்றும் பாடைச் சுழி தீதென்றும் கொள்வர். சுழிக்கும் மாட்டின் ஆற்றலுக்கும் தொடர்புண்டு எனக் கூற அறிவியற் சான்று இல்லை. நல்ல மாடுகள் சில இந்நம்பிக்கையால் தள்ளப்பட்டிருத்தலும் கூடும். ஆயினும், உச்சி முதல் வால் வரை மயிர் மயிராக நோக்கும் பழக்கத்தை இது கண்களுக்குத் தந்தது என்பதை மறுத்தற்கில்லை. இறுதியில் துண்டின் மறைவில் விரலைப் பற்றி விலை பேசுவர். பிறர் முன் ஒருவரது மாடு தாழ்த்தப்படாமல் காக்கும் நாகரிகமும் இதில் அடங்கியுள்ளது.

இவ்வாறு அயலார் கண்ணால் தம் வளர்ப்பை அளந்தறிந்த தந்தை, வீடு திரும்பி எந்தப் பசுவை எந்தப் பொலிகாளையுடன் சேர்ப்பது என முடிவு செய்வார். உடன் சென்ற மகன் அம்முடிவின் காரணத்தைத் தாவணியிலேயே கற்றிருப்பான். எழுதப்படாத இக்கல்விக்குத் தாவணியே பள்ளி.

கவலை இறைத்த எருதின் இடத்தை மின்விசைக் குழாய் கொண்டது. ஏரின் இடத்தை டிராக்டர் கொண்டது. பாலுக்குக் கலப்பினப் பசுக்கள் வந்தன. இம்மாற்றங்களால் உழவர் உடலுழைப்புக் குறைந்தமை நன்றே. ஆனால் உழைக்கும் எருதுக்கு விலை குறையவே, அதனை ஈனும் பசுவைப் பேணுவதும் பலர்க்கு இயலாதாயிற்று. இனத்தின் உடலைப் பண்ணைகளில் காத்தல் கூடும். அதனைத் தேர்ந்தெடுத்த கண்ணையும், அக்கண் கண்டவற்றைக் குறித்த சொற்களையும் பண்ணை மட்டும் காத்தல் இயலாது.

ஆதலின், பல்லும் சுழியும் நிறமும் நடையும் பற்றிய வழக்குச் சொற்களைத் தாவணிக்கே சென்று முதியோரிடம் கேட்டுத் தொகுத்தல் தமிழ் ஆய்வாளர் கடமையாகும். இச்சொற்களை ஓலையில் மட்டும் தேடுதல் போதாது. மாட்டின் கயிற்றைப் பிடித்து நிற்போர் நாவில் உள்ளன. அவர்கள் நிற்கும் வரிசை குறைவதற்குள் நாம் செல்லுதல் வேண்டும்.