மூடாத வளையம்

கோவையில் சரவணம்பட்டி, கணபதிப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். செப்புக் கம்பி அறுவதைவிட, அதன் மேல் பூசிய எனாமல் உரிவதுதான் அவர்களுக்குக் கவலை. கம்பி முழுசாக இருக்கும், மோட்டார் ஓடாது.

மூளையின் நரம்பிழைகளுக்கும் மையலின் என்று ஓர் உறை உண்டு. சமிக்ஞைகள் விரைந்து பாய்வது அதனால்தான். சிலருக்கு உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே இந்த உறையைத் தாக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இது பெரும்பாலும் சிறு சிறு திட்டுகளாக விழும். அபூர்வமாக ஒரே திட்டு 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்து நிற்கும். தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி எல்லாம் வரும். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தால் புற்றுக்கட்டி என்றே தோன்றும். டியூமிஃபாக்டிவ் டிமையலினேஷன் என்பது இதன் பெயர்.

வேடத்தைக் கலைக்கும் தடயம் ஒன்று உண்டு. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திப் படமெடுத்தால், புற்றுக்கட்டி பெரும்பாலும் முழு வளையமாக ஒளிரும். இதுவோ பல சமயம் பாதி வளையம்தான். மையலின் நிறைந்த வெண்பொருள் பக்கம் அழற்சி முன்னேறுவதால் அங்கே விளிம்பு மின்னும். சாம்பல்பொருள் பக்கம் வாய் திறந்திருக்கும். அளவுக்கேற்ற வீக்கமும் சுற்றிலும் இருக்காது.

நம் நாட்டில் வளையம் என்றாலே காசநோய்க் கட்டியும் நாடாப்புழுவின் இளம்புழுக் கூடும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் சிறு வளையங்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். அவற்றில் பல நாடாப்புழுவால் வந்தவை என்று வேலூர் சி.எம்.சி.யில் ராஜசேகரும் மாத்யூ சாண்டியும் காட்டினார்கள். அதற்கு அவர்கள் வகுத்த அளவுகோல்களில் ஒன்று, வளையம் 20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது. நம் வேடதாரி தொடங்குவதே அந்த எல்லைக்கு அப்பால்தான்.

சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி. அதிலும் பொறி உண்டு: பருத்த, பிளவுபடும் அணுக்கள் புற்றைப் போலவே தெரியும். மையலின் துணுக்குகளை விழுங்கிய அணுக்களும், பெரிதும் அறுபடாத நரம்பிழைகளும் உண்மையைச் சொல்லும். கெப்ஸ் என்ற நோய்க்குறியியலாளர் 1993இல் இப்படி 31 பேரின் கதையைப் பதிவு செய்தார்.

சிகிச்சை, மூன்று முதல் ஐந்து நாள் சிரை வழியாக ஸ்டீராய்டு. கேட்காவிட்டால் பிளாஸ்மா மாற்று. ஆனால் லிம்போமா என்ற புற்றும் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாகச் சுருங்கும். அதனால் அந்தச் சந்தேகம் இருந்தால் பயாப்ஸி முதலில், ஊசி பிறகு.

இத்தனை நிதானம் எதற்கு? மூளைக்குள்ளும் காயில்காரர்கள் இருக்கிறார்கள். ஒலிகோடென்ட்ரோசைட் அணுக்கள் உரிந்த உறையை ஓரளவேனும் மறுபடி பூசிவிடும். அதற்குக் கம்பி மிச்சமிருக்க வேண்டும்.